கிளைப்பேடா: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லிதுவேனியாவுக்கு இருக்கும் ஒரே பெரிய துறைமுகம் கிளைப்பேடா. பால்டிக் கடலோரத்தில் சுமார் 98 கி.மீ. நீளத்துக்கு ஒரு மெல்லிய மணல்திட்டு கிடக்கிறது. அதன் மேற்கே கடல், கிழக்கே குரோனியக் காயல். அந்தக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில்தான் ஊர் இருக்கிறது. நகரம் ஒரு கரையில், மணல்திட்டு எதிர்க்கரையில், நடுவே சில நூறு மீட்டர் தண்ணீர். பாலம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் படும் சிரமங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருவது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து இதை மனதில் பதித்துக்கொண்டு கிளம்புங்கள்.

குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள்: நகரத்துக்கு ஒன்று, மணல்திட்டுக்கு இரண்டு. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைத்தால் பேருந்து நேரத்தைத் துரத்துவதிலேயே பொழுது போய்விடும்.

எப்போது, எப்படி

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சீசன். ஜூன் கடைசியில் இரவு 10 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஜூலை கடைசி வார இறுதியில் கடல் திருவிழா நடக்கும். 1934-இல் தொடங்கிய விழா இது. கூட்டம் பிடிக்குமென்றால் அப்போது போகலாம், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பிடிக்காதென்றால் செப்டம்பர் முதல் இரண்டு வாரம்தான் சிறந்தது: கடல் இன்னும் சில்லிட்டிருக்காது, விடுதிக் கட்டணம் குறைந்திருக்கும், மணல்திட்டில் காலியான பாதைகள் கிடைக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பத்தோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கேட்பார்கள். நாணயம் யூரோ, 2015 முதல் அதுதான் புழக்கத்தில் உள்ளது.

தலைநகர் வில்னியஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கௌனஸிலிருந்து வருவதானால் பேருந்துதான் வசதி. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன; அங்கிருந்து பழைய நகருக்கு நடந்தே போய்விடலாம், இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். விமானத்தில் வருகிறவர்கள் வடக்கே 30 கி.மீ.க்குச் சற்றே மேல் தள்ளியிருக்கும் பலாங்காவில் இறங்க வேண்டும். ஸ்வீடனின் கார்ல்ஷாமிலிருந்தோ ஜெர்மனியின் கீலிலிருந்தோ கப்பலில் வந்தால் இறங்குமிடம் பழைய நகரம் அல்ல, தெற்கே தள்ளியிருக்கும் முனையம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் தூரமில்லை, டாக்சி பிடியுங்கள்.

கோடையானாலும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும். குடை வேண்டாம், இந்தக் கடற்காற்றில் அது அரை நாள் தாங்காது.

நகரத்தை நடந்து பார்க்கும் முன்

முதல் பார்வையில் ஏமாற்றம் வரலாம். ரீகா, தாலின் போன்ற பால்டிக் தலைநகரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உயர்ந்த தேவாலயக் கோபுரங்களைத் தேடுவார்கள்; இங்கே பழைய நகரில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னும் எல்லாம் போய்விட்டன. இருப்பதைப் பார்ப்பதோடு, இல்லாமல் போனது ஏன் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும்.

1252-இல் லிவோனிய ஜெர்மன் வீரத் துறவிகள் இங்கே கோட்டை கட்டி அதற்கு மெமல் என்று பெயரிட்டார்கள். 1422-இல் மெல்னோ உடன்படிக்கை வரைந்த எல்லை ஊரைப் பிரஷ்யா பக்கம் விட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு அந்த எல்லை நகரவில்லை. ஆக, லிதுவேனியாவின் மிகப் பழைய நகரம் என்று சொல்லப்படும் ஊர், தன் ஆயுளின் பெரும்பகுதி ஜெர்மன் ஊராகவே இருந்திருக்கிறது.

நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்ய அரசர் 1807-இல் அரசவையோடு இங்கே தஞ்சம் புகுந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 9 அன்று பிரஷ்யாவின் பண்ணையடிமை முறையை முடிவுக்குக் கொண்டுவந்த ஆணை இங்கிருந்துதான் வெளியானது. பிறகு மர வணிகத்தில் ஊர் கொழித்தது. கிரிமியப் போரின்போது ரஷ்யத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட, சரக்கெல்லாம் மெமல் வழியாகப் போனது. அதே காலத்தில், 1854-இல், பெருந்தீ ஒன்று நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. இன்று பழைய நகரில் காணும் வீடுகளில் பலவும் அந்தத் தீக்குப் பின் கட்டியவையே.

முதல் உலகப் போருக்குப் பின் ஊர் ஜெர்மனியிடமிருந்து பிரிக்கப்பட்டு பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. 1923 ஜனவரியில் லிதுவேனியா கைப்பற்றியது. 1939 மார்ச்சில் ஹிட்லர் மிரட்டிப் பறித்தார். 1945 ஜனவரி 28 அன்று சோவியத் படை நுழைந்தபோது ஊரில் அநேகமாக ஆளே இல்லை. இன்றைய குடிகள் பெரும்பாலும் அதன்பின் வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் கிளைப்பேடாவை மீன்பிடிக் கப்பல்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த சோவியத் துறைமுகமாக வளர்த்தார்கள். குளிர்காலத்தில் உறைந்து போகாத துறைமுகம் என்பதுதான் இதன் மதிப்பு. 2014-இல் திரவ எரிவாயுவைச் சேமித்து மீண்டும் வாயுவாக்கித் தரும் ‘இண்டிபெண்டன்ஸ்’ கப்பல் இங்கு வந்து நின்றதும் ரஷ்யக் குழாய் எரிவாயுவை மட்டுமே லிதுவேனியா நம்பியிருந்த நிலை மாறியது.

நடைப்பயணம்: அரை நாள்

தியேட்டர் சதுக்கத்தில் தொடங்குங்கள். நடுவே நீரூற்றின் மேல் நிற்கும் வெறுங்கால் சிறுமி ‘டாராவ் ஊர் ஆன்னிகே’, பழைய ஜெர்மன் பாட்டு ஒன்றின் நாயகி. ஊற்றுக்கு 1605-இல் இவ்வூரில் பிறந்த கவிஞர் சிமோன் டாஹ்-இன் பெயர். சிலையை முதலில் வைத்தது 1912-இல். போர்க்காலத்தில் அது காணாமல் போனது. இப்போதிருப்பது 1989-இல் வைத்த மறுவார்ப்பு. அவளுக்குப் பின்னாலுள்ள தியேட்டரின் பால்கனியிலிருந்துதான் 1939 மார்ச் 23 அன்று ஹிட்லர் பேசினார். சுற்றிலும் ஆம்பர் (கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின்) விற்கும் சிறு கடைகள் உண்டு. அவசரப்பட்டு வாங்க வேண்டாம், சோதிக்கும் முறை கீழே வருகிறது.

சதுக்கத்திலிருந்து தெற்கே தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைத்துக் கட்டிய கிட்டங்கிகள்தான் இங்கே பார்க்க வேண்டியவை. மீனும் தானியமும் வைத்த இடங்கள், இன்று கலைக்கூடங்களும் உணவகங்களும். கருங்கல் பாவிய தெருக்கள் என்பதால் சக்கரப் பெட்டியும் குதிகால் செருப்பும் சரிப்படாது. இன்னும் நடந்தால் தண்ணீர் சூழ்ந்த பசும்புல் மேடு தெரியும். அது யோனஸ் மேடு, பழைய அரண்களின் மிச்சம்.

அங்கிருந்து திரும்பிக் கோட்டைப் பக்கம் வாருங்கள். கோட்டை என்று பெயர்தான், கொத்தளங்களும் அகழியும் அடித்தளமும்தான் மீந்திருக்கின்றன. கொத்தளத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. அகழி இப்போது பாய்மரப் படகுகள் நிற்கும் சிறு துறை. அதன் வாயில் 1855-இல் செய்த சங்கிலிப் பாலம் ஒன்று இருக்கிறது. படகு வந்தால் இரண்டு ஆட்கள் கையால் சுழற்றிப் பாலத்தையே திருப்பி விடுவார்கள். கோடையில் குறித்த நேரங்களில் திருப்புவார்கள். நேரத்தைப் பாலத்தருகே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீரிலிருந்து கரையேறுவதுபோல் நிற்கும் கறுத்த வெண்கல உருவம் ‘கறுப்புப் பேய்’. 1595-இல் கோட்டைக் காவலாளியின் முன் தோன்றி, தானியமும் மரமும் தீரப்போகிறது என்று எச்சரித்துவிட்டு மறைந்ததாம். துறைமுக ஊர்ப் பேய்க்கும் சரக்கு இருப்பு பற்றித்தான் கவலை.

டானே ஆற்றங்கரையோரம் உள்ளே நடந்தால் ‘மெரிடியன்’ பாய்மரக் கப்பல். 1948-இல் பின்லாந்தின் துர்க்குவில் கட்டியது, மாலுமிகளுக்குப் பயிற்சி தந்தது, இப்போது உணவகம். ஆற்றைக் கடந்து லீபு தெருவுக்குப் போங்கள். அங்கே சிவப்புச் செங்கல்லில் எழுந்த முன்னாள் அஞ்சலகத்தின் கோபுரத்தில் 48 மணிகள் கொண்ட கரிலோன், அதாவது மணிகளால் ஆன இசைக்கருவி, இருக்கிறது. வார இறுதியில் நண்பகலில் வாசிப்பார்கள். உள்ளே போக வேண்டியதில்லை, எதிர்ப்புறம் நின்றே கேட்கலாம். அடுத்த கட்டடம் கடிகார அருங்காட்சியகம். மழை பெய்தால் ஒதுங்க நல்ல இடம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

நேரமிருந்தால் பழைய நகருக்கு வெளியே தெற்கிலுள்ள அமைதியின் அரசி மரியா தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். சோவியத் ஆட்சியில் அனுமதி பெற்று 1957 முதல் 1960 வரை மக்கள் தங்கள் பணத்திலும் உழைப்பிலும் கட்டினார்கள். திறக்கவிருந்த நேரத்தில் அரசு பூட்டியது, கட்டிய பாதிரியார்களைச் சிறையிட்டது, கோபுரத்தை இடித்தது, கட்டடத்தைக் கச்சேரி அரங்காக்கியது. 1980-களின் இறுதியில்தான் திரும்பக் கிடைத்தது. கோபுரமும் மறுபடி எழுந்தது.

எதிர்க்கரைக்கு: எந்தத் துறை?

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். நகரில் இரண்டு படகுத்துறைகள் உண்டு. கோட்டைக்கருகே, டானே ஆறு கலக்குமிடத்தில் இருப்பது பழைய துறை. நடந்து வருகிறவர்களும் மிதிவண்டிக்காரர்களும் இங்கே ஏற வேண்டும். தெற்கே இரண்டு கி.மீ. அளவு தள்ளியிருப்பது புதிய துறை, கார்களுக்கானது. கார் ஓட்டிக்கொண்டு பழைய துறைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். கால்நடையாகப் புதிய துறையில் ஏறினால் அக்கரையில் பேருந்து நிறுத்தத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் எட்டத்தில் இறங்கி நிற்பீர்கள்.

பழைய துறையிலிருந்து அக்கரை ஸ்மில்டினேவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. டிக்கெட்டை நகரப் பக்கத்தில் வாங்கினால் போதும், திரும்பி வரும்போது கேட்க மாட்டார்கள். கோடையில் அடிக்கடி படகு உண்டு. குளிர்காலத்தில் இடைவெளி கூடும். கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் போவதானால் இரண்டு செலவு: படகுக் கட்டணம், பிறகு அல்க்ஸ்னினே சாவடியில் நெரிங்கா நகராட்சி வாங்கும் சுற்றுச்சூழல் கட்டணம். இரண்டாவது கோடையில் பல மடங்கு ஏறும். ஜூலை சனிக்கிழமை முற்பகலில் புதிய துறையில் கார் வரிசை நீண்டுவிடும். காலை 8 மணிக்கு முன் போய்விட்டால் தப்பலாம். உண்மையில் இரண்டு பேருக்குக் கார் தேவையே இல்லை. ஸ்மில்டினே துறையருகிலிருந்து திட்டின் தெற்கிலுள்ள நிடா ஊர் வரை பேருந்து போகிறது, 50 கி.மீ., சுமார் ஒரு மணி நேரம்.

மிதிவண்டிப் பாதையும் நிடா வரை உண்டு. ஆனால் இந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும். ஸ்மில்டினேவிலிருந்து தெற்கே மிதித்தால் முழு வழியும் எதிர்காற்று வாங்கலாம். பேருந்தில் நிடா போய், அங்கே வாடகைக்கு எடுத்து, வடக்கு நோக்கி வருவதுதான் புத்திசாலித்தனம். வண்டியை ஸ்மில்டினேவிலோ நகரத்திலோ திருப்பித் தர முடியுமா என்று எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மணல்திட்டில் இரண்டு நாள்

படகிலிருந்து இறங்கி வடக்கே ஒன்றரை கி.மீ. நடந்தால் திட்டின் முனையிலுள்ள கடல் அருங்காட்சியகம். 19-ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யக் கோட்டைக்குள் 1979-இல் திறந்தது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அரை நாள் இதிலேயே போய்விடும். மற்றவர்கள் நேரே தெற்கே கிளம்பலாம்.

இங்குள்ள மணலின் கதை தெரிந்தால்தான் காட்சி புரியும். முன்பு இந்தத் திட்டு முழுக்கக் காடு. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். பிடிமானம் போன மணல் மேல்காற்றில் (மேற்கிலிருந்து வீசும் காற்றில்) நகர ஆரம்பித்து ஊர் ஊராக மூடியது. கர்வைச்சியே என்ற கிராமம் 1797-இல் அப்படிப் புதைந்துபோனது. நிடாவே மணலுக்குப் பயந்து இடம் மாறிய ஊர்தான். 19-ஆம் நூற்றாண்டில் மலைப்பைன் நட்டு மணலைப் பிடித்து நிறுத்தினார்கள். நிடாவில் அதைத் தொடங்கியவர்கள் குவேர்ட் என்ற அஞ்சல் நிலையப் பொறுப்பாளரும் அவர் மகனும். ஆக, இன்று ‘இயற்கை எழில்’ என்று படம் பிடிக்கும் காட்டில் பெரும்பகுதி கையால் நட்டது. 2000-இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடப் பட்டியலில் சேர்த்தது.

முதல் நிறுத்தம் யுவொட்கிராண்டே. காயற்கரை நடைபாதையும் ‘சூனியக்காரிகள் குன்று’ம் இங்கே. குன்றில் காட்டுப் பாதை நெடுக நாட்டார் கதை மாந்தர்களை மரத்தில் செதுக்கி 1979 முதல் நிறுத்தி வருகிறார்கள். ஒரு மணி நேரம் போதும். ஊருக்குச் சற்றுத் தெற்கே நீர்க்காகங்களும் சாம்பல் நாரைகளும் கூடு கட்டும் பெரிய குடியிருப்பு. எச்சத்தின் காரத்தில் மரங்கள் பட்டுப்போய் நிற்கும். பார்வை மேடைக்குக் கீழே போகாதீர்கள், தொப்பி அணியுங்கள்.

அடுத்து நாக்லியே காப்பகத்தின் சாம்பல் மணற்குன்றுகள். என் கருத்தில் திட்டில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியுமென்றால் அது நிடாவின் புகழ்பெற்ற மேடு அல்ல, இதுதான். பலகை பாவிய பாதையில் ஒரு கி.மீ. அளவு நடை, உச்சியில் காயல் விரியும். பாதையை விட்டு இறங்கினால் அபராதம். வெறும் கெடுபிடி அல்ல: ஒவ்வொரு காலடியும் மணலைச் சரிவில் தள்ளுகிறது, காற்று அதை எடுத்துப்போகிறது, குன்று குட்டையாகிக்கொண்டே வருகிறது. நிழல் கிடையாது, தண்ணீர்க் கடையும் கிடையாது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

நிடாவில் தங்குங்கள். பர்னிடிஸ் மேடு 52 மீட்டர் உயரம், உச்சியில் கல்தூண் சூரியக் கடிகாரம். மாலை வெயிலில் ஏறினால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் ஒருசேரத் தெரியும். தெற்கே சில கி.மீ.யில் ரஷ்யாவின் கலினின்கிராட் எல்லை. எல்லைப் பலகைகளைத் தாண்ட வேண்டாம், ட்ரோன் பறக்கவிட வேண்டாம். இங்கே ஃபோன் தானாக ரஷ்ய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்படிப் பிடித்தால் ரோமிங் பணம் போவது ஒன்று. கோடையில் கலினின்கிராட் நேரம் ஒரு மணி பின்தங்கியது என்பதால் ஃபோன் கடிகாரமும் பின்னால் போய், கடைசிப் பேருந்தைத் தவறவிட வைக்கும். நெட்வொர்க்கையும் நேரத்தையும் தானியங்கி அமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஊருக்குள் பார்க்க: நீலமும் செம்பழுப்பும் பூசிய மீனவர் வீடுகள், எழுத்தாளர் தாமஸ் மன் 1930 முதல் 1932 வரை மூன்று கோடைகளைக் கழித்த வீடு, கல்லறைத் தோட்டத்தில் இறந்தவரின் கால்மாட்டில் நடும் செதுக்கிய மரப்பலகைகள். எங்கும் கம்பங்களில் தெரியும் காற்றுக்கொடிகள் அலங்காரத்துக்காகத் தோன்றியவை அல்ல. 1844-இல் மீன்பிடி ஆய்வாளர் பேர்போம், எந்தப் படகு எந்த ஊர் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமென்று, ஊருக்கொரு நிறமும் வடிவமும் விதித்தார். வேறு ஊரின் நீர்ப்பரப்பில் வலை போட்டவர் கொடியால் மாட்டிக்கொள்வார். பூவேலையெல்லாம் பிற்பாடு மீனவர்கள் சேர்த்தது.

காட்டுக்குள் நடந்தால் முழுக்கால் பேண்ட் போடுங்கள். உண்ணிகள் உண்டு, லிதுவேனியாவில் அவை மூளைக்காய்ச்சலைப் பரப்பும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பார்த்து, ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவிக் காத்திருக்க வேண்டாம்.

கடலில் இறங்கும்போது

பால்டிக் நீரில் உப்பு லிட்டருக்கு ஏழு கிராம்தான், பெருங்கடலில் 35. அதனால் நம் கடலில் மிதப்பதுபோல் எளிதாக மிதக்க வராது. கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லை. ஜூலை, ஆகஸ்டில் நீர் 18–20 டிகிரி. வடக்கிலிருந்து காற்று ஓரிரு நாள் வீசினால் மேல்நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்நீர் மேலெழும். நல்ல வெயில் நாளிலும் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு விழுந்துவிடும். முதலில் கணுக்கால் வரை இறங்கிப் பாருங்கள். மேல்காற்று பலமாக இருந்தால் கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டாகும். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் இறங்காதீர்கள். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.

பலகைகளையும் கவனியுங்கள். பெண்களுக்கு மட்டுமான பகுதியும் ஆடையின்றிக் குளிப்போர் பகுதியும் தனித்தனியே உண்டு.

ஆம்பர் பொறுக்குவதும் வாங்குவதும்

மேல்காற்றுப் புயல் ஓய்ந்த மறுநாள் காலை, இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை, இதற்குச் சரியான நேரம். வெறும் மணலில் தேடாதீர்கள். கறுத்த மரச்சுள்ளியும் பாசியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டில் தேடுங்கள்; எடை குறைந்தவை எல்லாம் சேர்ந்தே ஒதுங்கும்.

எடுத்ததைப் பாக்கெட்டில் போடவே கூடாது. பழைய குண்டுகளின் வெண்பாஸ்பரஸ் கட்டிகள் ஈரமாயிருக்கையில் ஆம்பரைப் போலவே தெரியும். உடல் சூட்டில் காய்ந்ததும் தானே தீப்பிடிக்கும், ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும். பக்கத்து லாட்வியாவின் லீபாயாவிலும் ஜெர்மனியின் ஊசடோம் தீவிலும் இப்படிச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. தகர டப்பா ஒன்று கொண்டுபோய் அதில் போடுங்கள், உடம்பிலிருந்து தள்ளி வைத்துக் காயவிட்டுப் பிறகு தொடுங்கள். தோலில் பட்டுவிட்டால் தண்ணீரில் அமிழ்த்தி, ஈரத்துணி சுற்றி, காயவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அசலா என்று பார்க்க: 200 மி.லி. தண்ணீரில் 40 கிராம் உப்பு (தட்டையாக அளந்த இரண்டேகால் மேசைக்கரண்டி) முழுக்கக் கரையுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடி, கல், பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் மூழ்கும். உப்பு குறைந்தால் அசலும் மூழ்கிவிடும், அதனால் அளவில் கை வைக்காதீர்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் வயது குறைந்த மரப்பிசினும் மிதக்கும் என்பதால் இது பாதிச் சோதனைதான். வெள்ளியில் பதித்த நகைக்கு இது உதவாது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

சாப்பாடு

நிடாவிலும் யுவொட்கிராண்டேவிலும் புகையில் வாட்டிய மீனை எடை போட்டு விற்பார்கள். விலைப்பலகையில் உள்ளது பெரும்பாலும் 100 கிராமுக்கு. முழு மீனைக் கைகாட்டுவதற்கு முன் நிறுக்கச் சொல்லுங்கள். விலாங்கு விலை அதிகம், பிரீம் மலிவு, முள் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் ஸ்டிண்டா என்ற பொடிமீன் கிடைக்கும்; பச்சையாக முகர்ந்தால் வெள்ளரி வாசனை அடிக்கும், மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள்.

சைவம் உண்பவர்களுக்கு வழி உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கோடையில் ‘ஷால்டிபார்ஷ்சே’ என்ற இளஞ்சிவப்புக் குளிர் சூப்: கெஃபிர் (மோர் போன்ற புளித்த பால்), பீட்ரூட், வெள்ளரி, சதகுப்பைக் கீரை, கூடவே சுடச்சுட உருளைக்கிழங்கு. நம் மோர்ச்சோறு பிடித்தவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். பெரும்பாலும் வேகவைத்த முட்டையும் போடுவார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லுங்கள். உருளைக்கிழங்கு அடையின் மேலும், தயிர்க்கட்டி வைத்த ‘செப்பெலினே’ உருண்டையின் மேலும் பன்றிக்கொழுப்புப் பொரியல் தூவி வரும். ‘பே மேசோஸ்’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு ‘பே ஸ்பிர்குச்சு’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், பொரியலைப் பலர் இறைச்சிக் கணக்கில் வைப்பதில்லை. சீசன் முடிந்ததும் நிடாவின் உணவகங்களில் பாதி மூடிவிடும். அக்டோபருக்குப் பின் போகிறவர்கள் இரவுச் சாப்பாட்டை நகரத்திலிருந்தே கட்டிக்கொண்டு படகேறுவது நல்லது.